அறுபத்தொன்றாம் பக்கத்து இதழ்கள்

கச்சிராயபாளையம்
19.8.2024

அன்புள்ள தம்பி தீனதயாளனுக்கு,

அக்கா அமிர்தம் எழுதுவது. நான் நலம், முட்டியைத் தவிர. உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி செல்விக்கு இடுப்பு வலி குறைந்ததா?

மலை ஊர்ப் பெயர்களில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி உன் செடிப் புத்தகத்தின் அச்சுப் பிரதியை அனுப்பியிருந்தாய். ஏழு தப்பு இருக்கிறது. தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவை பெரிய விஷயமில்லை.

அறுபத்தொன்றாம் பக்கம்தான் விஷயம். கல்வராயன் மலையில் ஊற்றோரம் முளைக்கும் காட்டுக்கடுகுக்கு ‘நான்கு வெண்ணிற இதழ்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அந்தச் செடியின் பூவுக்கு இதழே கிடையாது. வெளியே பச்சையாக நாலு புல்லி, உள்ளே மகரந்தத்தாள், நடுவில் பிஞ்சுக்காய். அவ்வளவுதான் பூ.

இதை 1988-லேயே உனக்குச் சொன்னேன். நீ காலேஜில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மார்கழி லீவில் வந்திருந்தாய். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, செடியை அதில் நிறுத்தி, உன் எதிரில் கொண்டுவந்து வைத்தேன். நீ கட்டிலில் சாய்ந்தபடியே, “பறிக்கும்போதே இதழ் உதிர்ந்திருக்கும்க்கா. உனக்குக் கை அழுத்தம் ஜாஸ்தி” என்றாய். அப்பா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள் நான். உன் பழைய பாடப் புத்தகங்களைப் படித்துப் படித்துத்தான் அந்தப் பூவை எண்ணினேன்.

என் பெயரை எங்கும் போட வேண்டாம். அந்த வரியை மட்டும் மாற்று.

செல்வி போனில் பேசச் சொல்கிறாள். போனில் நீ என்னை முடிக்க விடமாட்டாய். எழுதித்தான் அனுப்புவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அமிர்தம்

*

தாம்பரம்
2.9.2024

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முட்டிக்குத் தைலம் போட்டுவிட்டு நடக்காமல் இரு. எனக்குக் கை நடுங்குவதால் இனிமேல் கடிதங்கள் கணினியில் தட்டச்சாகித்தான் வரும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை இரண்டு முறை கேட்டேன். ஊர்ப் பெயர்களைத் திருத்திவிட்டோம். மிகவும் உதவியாக இருந்தது.

காட்டுக்கடுகைப் பொறுத்தவரை, அது கடுகுக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு நான்கு புல்லி, சிலுவை போல நான்கு இதழ், ஆறு மகரந்தத்தாள். அதுதான் அடையாளமே. இந்தச் செடியின் இதழ்கள் மிகச் சிறியவை; காற்றுப் பட்டாலே உதிரும். நீ பார்த்தது உதிர்ந்த பிறகு இருக்கலாம். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய விளையாட்டுப் பேச்சை நீ இன்னும் வைத்திருப்பது எனக்கு வருத்தம்.

பொங்கல் கழிந்ததும் புத்தகம் அச்சுக்குப் போகிறது. இந்த வயதில் மலை ஏறாதே.

அன்புடன்,
தீனதயாளன்

*

கச்சிராயபாளையம்
15.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ ஏறாதே என்று எழுதியதைப் படித்த மறுநாளே ஏறினேன்.

காலை பஸ்ஸில் கரியாலூரில் இறங்கி, இருசப்பன் கொல்லைக்கு ஒரு மைல் நடந்தேன். இருசப்பனை உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டுக்குக் கடுக்காய் கொண்டுவருவானே. அவன் சாமை விதைத்திருக்கிறான். கொல்லைக்கு மேலே பாறை இடுக்கில் ஊற்று. இந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துவிட்டதால் செடி ஒரு சாண் வளர்ந்து, பூவும் காயுமாக நின்றது. இலை முருங்கை ஈர்க்கு மாதிரி இரண்டு பக்கமும் சிற்றிலை. நுனியில் இருப்பது மட்டும் பெரிது. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். கடுகுக் காரம், பின்னாலேயே கசப்பு.

பாறைமேல் உட்கார்ந்து, கள்ளக்குறிச்சியில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் வாங்கிய கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன். புரை எடுத்த பிறகு என் கண் ஊசியில் நூல் கோர்க்கிறது. முப்பது பூ பார்த்தேன். செடியிலேயே வைத்துத்தான், பறிக்காமல். நெட்டையாக நாலு மகரந்தத்தாள், குட்டையாக இரண்டு. இதழ் ஒன்றும் இல்லை.

இருசப்பன் மனைவி ஆயம்மாள் களைக்கொத்தோடு நின்று பார்த்துவிட்டு, “இன்னாம்மா, நவை கடைல ஒக்காந்த மாதிரி ஒக்காந்துக்கினு கீறீங்க” என்றாள். அவர்கள் அதைத் தெறிகீரை என்கிறார்கள். முற்றிய காயைத் தொட்டால் இரண்டு தோலும் அடியிலிருந்து சுருண்டுகொண்டு போக, விதை முகத்தில் வந்து அடிக்கும். காயெல்லாம் மெல்லிய மயிர். ஆயம்மாள் அதைப் பிடுங்குவதேயில்லையாம். “அத்தத் தொட்டா அடுத்த வருசம் நூறு வரும். வுட்டுட்டா பத்தோட போவும்” என்றாள்.

பூவும் காயும் உள்ள கொப்பு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே லென்ஸில் பார்.

செல்விக்கு என் அன்பு.

அமிர்தம்

*

தாம்பரம்
1.10.2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் உறையைத் திறந்ததும் காய்கள் வெடித்து விதை மேசையெங்கும் சிதறிவிட்டது. செல்வி இரண்டு நாள் கூட்டினாள்.

பூக்கள் வாடி வந்தன. வாடிய பூவில் இதழ் இல்லை என்பது, இதழ் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகாது. இதை நான் முப்பது வருடம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்குகிறது. மலைப்பக்கம் போகாதே. உன் உடம்புதான் முக்கியம்.

அன்புடன்,
தீனதயாளன்

*

கச்சிராயபாளையம்
14.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். என் உடம்பைப் பற்றி நீ கவலைப்படுவது அந்த வரி பேச்சுக்கு வரும்போது மட்டும்தான்.

நீ சொன்னதை யோசித்தேன். விரிந்த பூ என்றால் உதிர்ந்தது என்பாய். விரியாத மொட்டு என்றால் என்ன சொல்வாய்? மூடிய மொட்டிலிருந்து எதுவும் உதிர முடியாது. அதைப் பிரித்தால் உள்ளே இருப்பது இருக்கும், இல்லாதது இருக்காது.

நேற்று விடிகாலை பஸ்ஸில் போனேன். கண்டக்டர் தமிழழகனுக்கு நான் எதற்குப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. “இன்னா ஆயா, கடுகுக்கு எதழு கெட்சிதா?” என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டான். “கெடைக்காததக் காட்டத்தான்டா போய்க்கினு கீறேன்” என்றேன்.

ஒரு செடியில் விரியாத மொட்டு ஒன்பது இருந்தது. கம்பு மணியில் பாதி அளவுகூட இராது. கொத்தோடு எடுத்து, தாளில் வைத்து, மூலைகளை மடித்துப் பொட்டலமாக்கியிருக்கிறேன். வீட்டில் நான் இரண்டு மொட்டை முள்ளால் பிரித்துப் பார்த்தேன். மிச்சம் ஏழு உனக்கு. பதில் வரும் வரை வேறு எந்த வேலையும் எனக்கு ஓடாது. மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் சொல்லிவிட்டு, அதைக்கூட மறந்துவிட்டேன்.

தீபாவளிக்கு எண்ணெய்ப் பலகாரம் அதிகம் தின்னாதே.

அமிர்தம்

*

தாம்பரம்
4.11.2024

அன்பு அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. மகள் தேவிப்ரியா பிள்ளைகளோடு வந்திருந்தாள். உன்னை எல்லோரும் விசாரித்தார்கள்.

பொட்டலம் கிடைத்தது. மொட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு இதழ்களும் உள்ளே மடிந்திருக்கின்றன. மிக நுண்ணியவை, உன் கடிகாரக் கண்ணாடிக்கு எட்டாமல் போயிருக்கலாம். அதில் உன் தவறு எதுவும் இல்லை.

இத்துடன் இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம், அக்கா.

அன்புடன்,
தீனதயாளன்

*

கச்சிராயபாளையம்
16.11.2024

தீனதயாளனுக்கு,

இன்று கார்த்திகை முதல் தேதி. தீபம் என்றைக்கு என்று பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். கசங்காமலிருக்க நான் வைத்த மொட்டுப் பொட்டலம் அதற்குள்ளேயே இருந்தது. ஏழு மொட்டும் அப்படியே காய்ந்து இருக்கின்றன.

மொட்டுப் பிரித்த அன்று, மிச்சத் தாளையும் அதே மாதிரி மடித்து மேசைமேல் வைத்திருந்தேன். அவசரத்தில் அதை உனக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு வந்தது வெறும் தாள். அது என் தப்பு.

வெறும் தாளுக்குள் நாலு இதழைப் பார்த்தது உன் தப்பு.

டம்ளரை நீ அன்றைக்கும் பார்க்கவில்லை. எனக்கு அது தெரியும். நீ அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய். மாணவர்களுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாயா?

செல்வி நலமா?

அமிர்தம்

*

கச்சிராயபாளையம்
20.12.2024

தம்பி தீனாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் இல்லை. புயல் மழையில் தபால் தவறியதோ என்று போஸ்ட் ஆபீசில் இரண்டு முறை கேட்டேன். எல்லோருக்கும் வருகிறது, எனக்குத்தான் வரவில்லை.

போனும் செய்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் போன் செய்பவள் இல்லை. செல்விதான் எடுத்தாள். நீ தூங்குகிறாய் என்றாள். பகல் பதினொரு மணிக்கு. பக்கத்தில் உன் இருமல் கேட்டது.

இந்த மழையில் வெளியே போக முடியாமல், உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில், என் கடிதத்தைக் ‘கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய். படித்தேன் என்று எழுதவில்லை. கை நடுக்கம் என்கிறாய். நடுங்கும் கையால் கம்பு மணியில் பாதி அளவு மொட்டை எப்படிப் பிரித்தாய்? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கோபத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

நேராகவே கேட்கிறேன். உனக்குக் கண்ணுக்கு என்ன?

செல்வி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், அவனுக்குக் கேட்கிற மாதிரிப் படி.

அமிர்தம்

*

தாம்பரம்
29.12.2024

அக்கா,

இதை என் கையால் எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

இரண்டு வருடமாக எனக்குப் பார்வை இல்லை. சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. வெளிச்சம் தெரியும். ஆள் நிற்பது தெரியும். எழுத்து தெரியாது. லென்ஸ் எல்லாம் அலமாரியில் இருக்கிறது. செல்வி படிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள். உனக்குத் தெரியக்கூடாது என்று நான்தான் சொல்லிவைத்தேன். கண்ணில்லாதவன் எழுதிய செடிப் புத்தகம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று இருந்தேன். முக்கியமாக, நீ.

பொட்டலத்தை நான் பிரிக்கவேயில்லை. பிரித்தால் செல்வி பக்கத்தில் வந்து நின்று, உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள். அப்படியே இழுப்பறையில் போட்டுவிட்டு அந்தக் கடிதத்தைச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. செப்டம்பரில் வந்த உறையை நானே திறந்தேன். காய் வெடித்து உள்ளங்கையில் அடித்தது. வெடிக்காத ஒன்று கையில் கிடைத்தது. தடவிப் பார்த்தேன். மயிர் இருந்தது. என் அறுபத்தொன்றாம் பக்கத்தில் ‘வழவழப்பான காய்’ என்று இருக்கிறது. அதை நான் உன் செடியைப் பார்த்து எழுதவில்லை. ஊட்டிப் பக்கத்து வகையைப் பற்றிய பழைய குறிப்பிலிருந்து எடுத்தேன். நான் எழுதியிருப்பது வேறு செடி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. சொன்னால், எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அதனால் சொல்லவில்லை.

1988-ல் நான் டம்ளரைப் பார்க்கவில்லை. அப்போது கண் நன்றாக இருந்தது.

இப்போது நான் பார்க்க முடியாது. நீ சொல்வதை எழுதலாம், இல்லாவிட்டால் பக்கத்தை எடுத்துவிடலாம். இரண்டில் எது என்று சொல்.

தீனா

*

கச்சிராயபாளையம்
6.1.2025

அன்புள்ள தீனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் வரிமேல் வரி ஏறியிருந்தது. படித்து முடிக்க ஒரு பகல் ஆயிற்று.

கண்ணைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. மருந்தை விடாதே. தனியாக மாடிப்படி இறங்காதே.

கோபம் போகவில்லை. அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

பக்கத்தை எடுக்காதே. எழுதிக்கொள்: ஒரு சாண் உயரம். ஈரப் பாறை இடுக்கு, ஊற்றோரம். சிற்றிலைகள் எதிரெதிராக, நுனி இலை பெரிது. பூ சிறியது, பச்சை. புல்லி நான்கு. இதழ் இல்லை. மகரந்தத்தாள் ஆறு, நெட்டை நான்கு, குட்டை இரண்டு. காய் ஓர் அங்குலம், மெல்லியது, மயிருள்ளது. முற்றினால் தொட்டதும் வெடிக்கும். காரமும் கசப்புமான சுவை. மலையில் இதைத் தெறிகீரை என்பார்கள்.

காயில் மயிர் உண்டு என்பதை உன் கை பார்த்திருக்கிறது. அதை உன் பேரிலேயே எழுதிக்கொள். மற்றது நான் பார்த்தது.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் பஸ்ஸில் அனுப்புகிறேன். செல்வியிடம் சொல், அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அமிர்தம்

*

தாம்பரம்
17.1.2025

அன்பு அக்காவுக்கு,

கரும்பு வந்தது. நலம். செல்வி தட்டச்சு செய்கிறாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அறுபத்தொன்றாம் பக்கம் முழுவதையும் மாற்றிவிட்டேன். நீ எழுதியது எழுதியபடியே இருக்கிறது. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘இதழ்கள் இல்லை என்று கண்டவர் கச்சிராயபாளையம் அமிர்தம். நான் பார்க்கவில்லை.’

அச்சகத்து இளமாறன் வந்து, கடைசி இரண்டு சொல்லை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். “சாரே பாக்கலன்னா, படிக்கிறவன் எத நம்புவான்?” என்று கேட்டார். எடுக்க முடியாது என்றேன். அவருக்கு என்மேல் சங்கடம்.

27ஆம் தேதி, திங்கட்கிழமை, அச்சு ஏறுகிறது. அதற்குப் பிறகு ஓர் எழுத்தும் மாற்ற முடியாது.

உன் முட்டி எப்படி இருக்கிறது?

தீனா

*

கச்சிராயபாளையம்
22.1.2025
விரைவுத் தபால்

அன்புள்ள தீனாவுக்கு,

நலம். இதைப் படித்த உடனே அச்சகத்துக்குச் சொல். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. கேட்டது கிடைத்த பிறகும் கால் நிற்கவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவள் பாதியில் திரும்பிவிட்டேன். என் பெயர் அச்சில் ஏறப்போகிறது, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று நேற்று மலைக்குப் போனேன்.

ஊற்று சுருங்கிவிட்டது. பனிக்காலத்துச் செடிகள், பாதி காய்ந்தவை. நாற்பத்தொரு செடி பார்த்தேன், ஒன்றிலும் இதழ் இல்லை. பாறைக்குப் பின்னால், வெயிலே படாத இடத்தில் இன்னொன்று இருந்தது. குனிய முடியாமல் ஈர மண்ணில் படுத்துத்தான் பார்த்தேன். அதன் உச்சிப் பூவில் வெள்ளையாகத் தெரிந்தது. பனித்துளி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

இதழ். இரண்டே இரண்டு. அரிசி நொய்யில் கால்வாசி இருக்கும். கீழே இருந்த பூவில் ஒன்று இருந்தது. மற்றப் பூக்களில் இல்லை.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியவில்லை. கிள்ளிக் கசக்கிப் போட்டிருந்தால் அது இல்லை. உனக்குக் கண் தெரியாது. அந்தப் பக்கம் வேறு யாரும் வரமாட்டார்கள். பக்கத்தில் நின்றது இருசப்பன் மட்டும்தான். “இன்னாக்கா ஆச்சு, பூச்சி எதுனா கட்ச்சிட்ச்சா?” என்றான்.

“இல்லடா. இத்தினி வருசம் இது இல்லன்னு சொல்லிக்கினு இருந்தேன். கீது” என்றேன்.

“ஒண்ணுலதானே கீது. வுடுக்கா, யார் பாக்கப் போறாங்க.”

“நான் பாத்துட்டேனே” என்றேன்.

அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான்.

நீ என்னை நம்பாமலேயே இருந்திருந்தால் இதை நான் மறைத்திருப்பேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். மறைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இப்போது முடியாது. ‘நான் பார்க்கவில்லை’ என்று எழுதி, மொத்தத்தையும் என் கண்ணின் மேல் ஏற்றி வைத்துவிட்டாய்.

வரியை இப்படி மாற்று: ‘பெரும்பாலும் இதழ்கள் இல்லை. நாற்பத்திரண்டு செடிகளில் ஒன்றில் மட்டும், சில பூக்களில் ஒன்று அல்லது இரண்டு, மிகச் சிறியவை, வெண்மை.’ பார்த்தவள் பெயர் அப்படியே இருக்கட்டும். இளமாறன் முணுமுணுத்தால் எனக்கு எழுதச் சொல்.

டம்ளரில் இருந்த அந்தச் செடியில் இதழ் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று இத்தனை வருடம் சத்தியம் செய்திருப்பேன். நேற்றிலிருந்து செய்ய முடியவில்லை. இதனால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. நான் எண்ணினேன், நீ எண்ணவில்லை. அதில் மாற்றம் கிடையாது.

செல்வி, இதில் ஒரு வார்த்தையையும் விடாமல் அவனுக்குப் படி.

அந்தக் கொப்பைப் பறித்துவிட்டேன். கையை அழுத்தாமல், நகத்தால். இத்துடன் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். வைத்தேனா என்று மூன்று தடவை பார்த்தாயிற்று. அதில் முற்றிய காய் ஒன்றும் இருக்கிறது, கையில் தெறிக்கும்.

உனக்கு இதழ் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தத் தடவை பொட்டலத்தை நீயே பிரி.

அக்கா